ஒரு வார்த்தைகூட மாற்றாமல்

கோயம்புத்தூர்
24.2.2025

அன்புள்ள நாகவல்லிக்கு, உன் மதினி மாரீஸ்வரி எழுதுவது.

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் அண்ணன் நம்பரையும் பண்ணிவிட்டாய். சரி, பண்ணிக்கொள். தபால்காரரை பிளாக் பண்ண முடியாதில்லையா? அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டால்தான் உன் கைக்கு வரும். நீ போட்ட கையெழுத்தோடு ஒப்புகை அட்டை எனக்குத் திரும்பி வரும். லெட்டரே வரவில்லை என்று கதை விட முடியாது.

நீ கோபித்துக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறி ஒன்பது நாள் ஆகிறது. விசா கிடையாது என்று வந்த கடிதம் இன்னும் என் கடை மேஜை மேல்தான் கிடக்கிறது. 'விண்ணப்பதாரர் சொன்னதும் அவர் கொடுத்த சான்றும் ஒத்துப்போகவில்லை. பயிற்சிக்கு வரும் நோக்கம் நம்பும்படி இல்லை.' இந்த இரண்டு வரிக்காக, உன் அண்ணன் முன்னாலும் என் மகள் அகிலா முன்னாலும் என்னைப் பார்த்து என்ன கேட்டாய்? "எங்க வேலையச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்கா மதினி?" பிள்ளை அதற்குப் பிறகு மூன்று நாள் என்னிடம், "வெக்கம்னா என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எட்டு வருடமாக இந்த ஆன்லைன் சென்டரை நடத்துகிறேன். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, கல்யாண பயோடேட்டா என்று எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். நம் சனத்துக்குத் தன்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லத் தெரியாது. ஓட்டலில் சப்ளையராக இருப்பவரை நான் 'உணவக மேலாண்மை' ஆக்குவேன். டிராக்டர் ஓட்டுகிறவர் என் கையில் 'வேளாண் இயந்திர இயக்குநர்' ஆவார். அதனால் நின்றுபோக இருந்த கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. உனக்கும் அதைத்தான் செய்தேன். அரிசி மில்லில் மிஷின் பார்க்கிறாள் என்று எழுதினால் வெளிநாட்டுக்காரன் மதிப்பானா? 'அலுவலக உதவியாளர்' என்று அடித்தேன். உன் முதலாளி பெத்தாச்சி அய்யா லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டார். நீயும் போட்டாய். பிறகு விசா ஆபீஸுக்குள்ளே போய், "நான் மிஷின் ஓட்டுகிறேன்" என்று நீயே சொன்னால் பேப்பர் என்ன செய்யும்?

சண்டை இருக்கட்டும். செப்டம்பர் ஒன்றாம் தேதி ஜெர்மனியில் உன் பயிற்சி தொடங்குகிறது. மூன்று வருடம் மாவு மில்லில் வேலையும் படிப்பும். அந்த இடம் உனக்காக எத்தனை நாள் காத்திருக்கும்? அந்த மில்லுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
மாரீஸ்வரி

உன் போன் சார்ஜர் இங்கே இருக்கிறது. வீம்புக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.


காரைக்குடி
3.3.2025

மதினிக்கு,

கையெழுத்துப் போட்டேன். தபால்காரர் அழகு அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "வாங்குறியா, திருப்பி அனுப்பவா?" என்று கேட்டார். பக்கத்தில் அம்மா நின்றாள். அதனால் வாங்கினேன்.

அந்த அறைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். விசா அதிகாரி அம்மா கேட்ட முதல் கேள்வியே, ஆறு வருடமாக மில்லில் என்ன செய்கிறாய் என்பதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் வருடம் பில் போட்டேன் என்றேன். கலர் சார்ட்டர் பார்த்துக்கொண்டிருந்த பாண்டிமுருகன் திருப்பூருக்குப் போய்விட்டார். ஓடுகிற அரிசியைக் கேமரா பார்த்து, கருப்பு அரிசியை மட்டும் காற்றால் ஊதித் தள்ளுகிற மிஷின் அது. அது சும்மா நின்றது. ஃபோர்மேன் சின்னச்சாமி அண்ணனிடம் கேட்டுக் கேட்டு நான் கை வைத்தேன். அப்புறம் நெல் அவிக்கிற இடம், அப்புறம் அவித்ததைக் காய வைக்கிற டிரையர். எல்லாவற்றையும், ராத்திரி ராத்திரியாகப் படித்த ஜெர்மனில் திக்காமல் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பைலைத் திருப்பினார். "இங்கே அலுவலக உதவியாளர் என்று இருக்கிறதே?" என்றார்.

அந்தச் சான்றை நான் முதல்முதலாகப் படித்தது அங்கேதான். நீங்கள் பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டவள். உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. பிறகு, ஏன் இந்தப் பயிற்சிக்கு வருகிறேன் என்று நான் எழுதியதாக நீங்கள் அடித்த கடிதத்தை வாசித்துக் காட்டினார். 'சிறு வயது முதலே ஜெர்மானியப் பண்பாட்டின் மீது எனக்குத் தீராத காதல்.' எனக்கா? புதுவயல் மில்லுக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய் வருகிறவளுக்கா? எனக்குச் சிரிப்பு வந்தது மதினி. வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் காளையார்கோவில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் மில்லுக்கு வந்தார்கள். நான் தலை நிறைய உமியோடு டிரையரில் இருந்து இறங்கி வந்தேன். "ஆபீசுல இருக்கிற புள்ளைன்னு சொன்னீக?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான். உமிக்காக அவர்கள் போகவில்லை. நீங்கள் அடித்த பயோடேட்டாவில் 'கணக்குப் பிரிவு' என்று இருந்தது, அதற்காகப் போனார்கள். அன்றும் வீட்டில் திட்டு வாங்கியது நான்தான்.

வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்கிறவர் நீங்கள். உங்களுக்கு உமித் தூசி அசிங்கமாகத்தான் தெரியும். எனக்கு அது சோறு.

மில்லுக்கார அம்மா ஹெல்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வீடியோவில் என்னைத் தேர்வு செய்தபோது, நெல் காய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். மீட்டர் காட்டும், இருந்தாலும் ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன் என்றேன். உடனே மேஜையில் இருந்த ஒரு கோதுமையை எடுத்து, கேமராவுக்கு நேராகக் கடித்துக் காட்டிச் சிரித்தார். அந்த அம்மாவிடம் போய் என் பேப்பர் பொய் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாகவல்லி


கோயம்புத்தூர்
12.3.2025

அன்புள்ள வல்லி,

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் யாருக்கும் பயோடேட்டா அடித்துக் கொடுக்கவில்லை. பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்கிறேன். நாச்சியாபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன அரிசி மில் இருந்தது. இப்போது அது கல்யாண மண்டபம். பிளஸ் டூ முடித்ததில் இருந்து உன் அண்ணனைக் கட்டுகிற வரைக்கும் நான்கு வருடம் அந்த மில் களத்தில் இருந்தேன். அவித்த நெல்லை ஆவியோடு கொட்டுவார்கள். காய்கிற வரை காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். மேலே வெயில், கீழே கொதிக்கிற நெல். கருப்பி அக்காவும் நானும் ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்திருப்போமோ, அந்தக் களத்தைத் தாண்டியது இல்லை. நெல் முனை குத்திக் குத்திப் பாதம் வெடித்தது. ஒன்பது வருடம் ஆகியும் அந்த வெடிப்பு மூடவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் செருப்பு.

பெண் பார்க்க நீங்கள் வந்தபோது எங்கள் அப்பா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "வீட்டுலதான் இருக்கு, டைப்பிங் படிக்குது." டைப்பிங் படித்தது நிஜம், சாயங்காலத்தில். களத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உன் அண்ணனுக்கும் தெரியாது. அன்றைக்கு ஒரு பொய் என்னைக் கரையேற்றியது. அதனால் என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அதே மருந்தைக் கொடுத்துவிட்டேன். உன்னை அசிங்கம் என்று நான் நினைக்கவில்லை வல்லி. என்னைத்தான் நினைத்தேன்.

மன்னித்துக்கொள். போனில் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். நீ பிளாக் பண்ணியதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

இனி வேலையைப் பார்ப்போம். மறுபடி புதிதாக விண்ணப்பம் போடலாம், நான் விசாரித்துவிட்டேன். முதலில் ஹெல்கா அம்மாவிடம் உள்ளதைச் சொல். பெத்தாச்சி அய்யாவிடம் சரியான சான்று வாங்கு. அந்த வாசகத்தை எழுதியது நான், விண்ணப்பதாரருக்குத் தெரியாது என்று நான் ஒரு வாக்குமூலம் எழுதி, கடை சீலோடு கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சென்டருக்கு அனுமதி கொடுத்தவர்கள் காதுக்குப் போனால் கேள்வி வரும். கடையை மூடச் சொன்னாலும் சொல்லலாம். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

மதினி


காரைக்குடி
2.4.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மில்லுக்கு எடுத்துப் போய், டிரையர் சத்தத்தில் நின்று படித்தேன். அங்கே அழுதால் தூசி என்று நினைத்துக்கொள்வார்கள். செருப்பைப் பற்றி எழுதிய என் கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. எங்கள் மில் களத்தில் இன்றும் எட்டுப் பெண்கள் நடக்கிறார்கள். ஆறு வருடமாக அவர்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அவர்கள் பாதத்தைப் பார்த்தேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். இருந்தாலும் கடிதமே எழுதுங்கள். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடும்.

பெத்தாச்சி அய்யா முதலில் முடியாது என்றார். "ஒரே ஆளுக்கு ரெண்டு பேப்பர்ல ரெண்டு விதமா எழுதிக் குடுத்தா என்னைய என்னன்னு நெனைப்பாக?" சின்னச்சாமி அண்ணன்தான் பேசினார். "அய்யா, இந்தப் புள்ள லீவு போட்ட அன்னைக்கெல்லாம் கருப்பரிசி ஏன் வருதுன்னு என்னையத்தான வஞ்சீக? அதையே எழுதுங்க." அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் சான்றில் தான் படிக்காமல் கையெழுத்திட்டதையும் சேர்க்கச் சொன்னார்.

ஹெல்கா அம்மாவுக்கும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் வந்தது. ஜூலை 31 வரை இடத்தை வைத்திருப்பாராம். அதற்குள் விசா வராவிட்டால் வேறு ஆளை எடுக்க வேண்டியிருக்கும், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி. 'இந்த முறை உன் வார்த்தையில் எழுது.'

எழுதிவிட்டேன். ஜெர்மனில் எழுதியது தனித்தாளில் இருக்கிறது. உங்களுக்குப் புரிவதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன்.

'என் பெயர் நாகவல்லி. நான் அரிசி மில்லில் வேலை செய்கிறேன். எனக்கு அரிசி தெரியும். கோதுமை தெரியாது. எங்கள் மில்லில் பெண்கள் களத்தில் இருப்பார்கள், அல்லது பில் மேஜையில் இருப்பார்கள். மிஷின் பக்கம் ஆண்கள். ஆள் இல்லாத ஒரு நாளில் நான் மிஷின் பக்கம் போனேன், திரும்பி வரவில்லை. அரிசி உடைந்து வந்தால் எங்களில் எல்லாருக்கும் அதைச் சரிசெய்யத் தெரியும். ஏன் உடைகிறது என்ற காரணம் தெரியாது. எனக்குக் காரணம் தெரிய வேண்டும். உங்கள் நாட்டில் அதை மில்லிலேயே வைத்து மூன்று வருடம் சொல்லித் தருகிறீர்கள். என் முதல் விண்ணப்பத்தில் என் வேலை தவறாக எழுதப்பட்டது. அது என் வீட்டாரின் அன்பினால் நடந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு.'

நீங்கள்தான் டைப் செய்ய வேண்டும் மதினி. ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது.

நாகவல்லி


கோயம்புத்தூர்
11.4.2025

அன்புள்ள வல்லி,

அடித்துவிட்டேன். இத்துடன் இருக்கிறது. ஜெர்மன் எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி வைக்கக் கீபோர்டில் தேடியதில் அரை நாள் போயிற்று.

'கோதுமை தெரியாது' என்று எந்தப் பைத்தியமாவது விண்ணப்பத்தில் எழுதுமா? கை சும்மா இருக்கவில்லை. 'கோதுமை குறித்து அடிப்படை அறிவு உண்டு' என்று அடித்தேன், அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்றும் தேடி வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அழித்துவிட்டு நீ எழுதியதையே போட்டேன். எட்டு வருடத்தில் நான் செய்த கஷ்டமான வேலை இதுதான். 'அன்பினால் நடந்தது' என்ற வரி வந்தபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

என் வாக்குமூலத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். காட்டும்போது களத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டியதாயிற்று. தச்சு வேலை ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும். காப்பித் தட்டோட வந்தப்பக் காலைப் பாத்தேன்ல. களத்துல நடக்காத காலு அப்பிடி இருக்காது. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்பது வருடம் வீட்டுக்குள்ளே செருப்போடு நடந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனிதர்? உங்கள் குடும்பமே அழுத்தமான குடும்பம்.

கையெழுத்துப் போடுகிற இடத்தில் இந்த முறை பென்சில் புள்ளி வைக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு நீயே இடம் பார்த்துப் போடு.

மதினி


காரைக்குடி
20.6.2025

அன்புள்ள மதினிக்கு,

விண்ணப்பம் கொடுத்து இரண்டு மாதம் கழித்து, போன வாரம்தான் மறுபடி அழைத்தார்கள். அதே அம்மாதான் இருந்தார். என்னை நினைவிருந்ததா என்று தெரியவில்லை. உங்கள் வாக்குமூலத்தை எடுத்து, "யார் இந்த மாரீஸ்வரி?" என்று கேட்டார். என் அண்ணன் மனைவி என்றேன். "அவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்றார்.

உங்களைக் கேட்காமல் ஒன்று சொல்லிவிட்டேன். "அவரும் அரிசி மில்லில் வேலை செய்தவர். அதைச் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பயந்துவிட்டார்" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. குறித்துக்கொண்டு, அரிசி எதனால் உடைகிறது என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மூன்று காரணத்தைச் சொன்னேன். இதில் எது சரி என்று தெரியாது, அதற்குத்தான் போக வேண்டும் என்றேன். அவ்வளவுதான்.

பகலில் எங்கள் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் பாஸ்போர்ட்டை உங்கள் கடை முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஜூலை 31-க்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது. மில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு அழித்துக்கொண்டு வருகிறேன். பயமாக இருக்கிறது மதினி. ஆனால் போன தடவை இருந்த பயம் இல்லை. கிடைக்காவிட்டாலும் இந்த முறை 'இல்லை' என்பது எனக்குச் சொன்னதாக இருக்கும்.

வல்லி


கோயம்புத்தூர்
24.7.2025

அன்புள்ள வல்லி,

இன்று காலை பத்தே காலுக்கு உன் பாஸ்போர்ட் கவர் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன், "பிரிச்சுப் பாத்துட்டுப் போன் பண்ணி வச்சிரு" என்றார். அகிலா கத்திரிக்கோலே எடுத்து வந்துவிட்டாள். நான் கொடுக்கவில்லை. உனக்கு முன்னால் உன் பேப்பரை நான் படிப்பது இனிமேல் கிடையாது. நாளைக் காலை பஸ்ஸில் உன் அண்ணன் கவரை எடுத்துக்கொண்டு வருகிறார், இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்து விடுகிறேன். முதலில் கவரைப் பிரி. கடிதம் காத்திருக்கும்.

சென்டர் விஷயமாக இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன். கடையில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன்: 'உள்ளதை உள்ளபடி அடித்துத் தரப்படும்.' நாலைந்து பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். முந்தா நாள் ஒரு ஓட்டல் சப்ளையர் வந்தார். பதினெட்டு வருடம், ஒரே நேரத்தில் ஆறு மேஜை பார்த்துக்கொள்வாராம். அதையே அடித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போனார்.

கவருக்குள் எது இருந்தாலும் உடனே போன் பண்ணு. சண்டை வந்தாலும் பரவாயில்லை.

மதினி


ஜெர்மனி
12.10.2025

அன்புள்ள மதினிக்கு,

தினமும் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். சில விஷயம் உங்களுக்குக் கடிதத்தில் சொன்னால்தான் எனக்குச் சரியாக வருகிறது.

அண்ணன் நீட்டிய கவரை வாசலிலேயே பிரித்து, விசாவைப் பார்த்ததும் உங்களுக்குப் போன் போட்டதையும், நீங்கள் முதல் வார்த்தையாக, "பேரு, தேதி எல்லாம் சரியா இருக்கா பாரு" என்று கேட்டதையும் இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஹெல்கா அம்மாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்.

மில் நாலு மாடி. கோதுமை மேலே போய், மாவாகக் கீழே இறங்குகிறது. குளிர் கொல்கிறது. பாஷை பாதிதான் புரிகிறது, மீதிக்குத் தலையாட்டுகிறேன். ஆனால் தூசி நம் தூசி மாதிரியேதான் மூக்கில் ஏறுகிறது. முதல் நாள் தும்மிவிட்டு எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம். போன புதன்கிழமை ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இந்தத் தொழிலில் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்திருந்தால் பெயர், வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதச் சொன்னார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு முன்னால் இருந்தவன் தாத்தா, அப்பா, சித்தப்பா என்று மூன்று வரியையும் நிரப்பினான். நான் ஒரு வரி நிரப்பினேன்.

'மாரீஸ்வரி. என் அண்ணன் மனைவி. நெல் உலர்த்தும் களம். நான்கு ஆண்டுகள்.'

ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, களத்தில் என்ன வேலை என்று கேட்டார். ஜெர்மனில் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, மேஜைகளுக்கு நடுவில் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினேன். எங்கள் மில் பெண்களைப் பார்த்துப் பழகியதுதான். யாரும் சிரிக்கவில்லை. அவர் என் ஃபாரத்தை மற்றவர்களின் ஃபாரங்களோடு சேர்த்துப் பைலில் போட்டார்.

பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டேன் மதினி. இனி நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது.

உங்கள்
வல்லி